அடுத்த வீட்டில் அழுகுரல்!

அடுத்த வீட்டில் ஒரு குழந்தை தினமும் அழுகிறது. அடி விழும் சத்தம் சுவர் வழியே கேட்கிறது. கேட்டவர்கள் என்ன செய்ய வேண்டும்?

"அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்வதா? அல்லது யாரிடமாவது போய்ச் சொல்வதா?

150 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்கு இந்தக் கேள்வி வந்தது. அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அதனால் ஒரு சிறுமி மீட்கப்பட்டாள். அந்தச் சிறுமியின் வழக்கிலிருந்துதான் குழந்தைகளைக் காக்கும் உலகின் முதல் சங்கம் பிறந்தது.

சிறுமியின் பெயர் மேரி எல்லன். அவளைக் காப்பாற்றியவர் எட்டா வீலர் அம்மையார்.

தந்தை போரில் மாண்டார்

மேரி எல்லன் 1864-ம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தாள். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய தகப்பனார் தாமஸ் வில்சன் போர் வீரர். அவர் போரில் மாண்டார்.

தாய் பிரான்சஸ் வயிற்றுப் பிழைப்புக்காக வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. கைக்குழந்தையை வேறொரு பெண்ணிடம் விட்டாள். வளர்ப்புக் கூலியாக மாதாமாதம் பணம் கொடுத்துவந்தாள். ஒரு கட்டத்தில் பணம் வருவது நின்றுவிட்டது. குழந்தையை வைத்திருந்தவள் அதை நகரத்தின் தர்ம இலாகாவில் ஒப்படைத்துவிட்டாள்.

1866-ம் ஆண்டு தொடக்கத்தில் மெக்கார்மக் என்ற தம்பதி அங்கே வந்தார்கள். குழந்தையைத் தங்களிடம் தரும்படி கேட்டார்கள். "நான்தான் இதன் தகப்பன்" என்று மெக்கார்மக் சொன்னார். அதிகாரிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். மேரி எல்லனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அப்படித் தெரிவிக்கவில்லை. ஏன் தெரிவிக்கவில்லை என்று இலாகாவும் கேட்கவில்லை.

சீக்கிரமே மெக்கார்மக் இறந்துபோனார். அவருடைய மனைவி மேரி, கானலி என்பவரை மறுமணம் செய்துகொண்டாள். அந்த வீட்டில் மேரி எல்லனுக்குச் சொந்தம் என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

இருட்டறையில் சிறுமி

கானலி குடும்பம் 41-வது தெருவில் குடியிருந்தது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்கு வீடு அது. மெல்லிய சுவர்கள். ஒரு வீட்டில் பேசினால் மறு வீட்டில் கேட்கும்.

குழந்தை அடி வாங்குவதும், அலறுவதும் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். அவளை இருட்டறையில் பூட்டி வைப்பதும் தெரியும். அந்த வீட்டைக் கவனித்துவந்த பெண் கானலி அம்மாளைக் கண்டித்தாள். "அதிகாரிகளிடம் சொல்வேன்" என்றும் எச்சரித்தாள். பலன் என்ன? கானலி குடும்பம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

குடி மாறிப் போனவர்களை "போனது தொல்லை" என்று அந்தப் பெண் விட்டுவிடவில்லை. குழந்தையின் நினைவு அவள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

எட்டா வீலர் அம்மையார் அந்தப் பகுதியில் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று உதவி செய்துவந்தார். அவர் கிறிஸ்தவ சமய ஊழியர். 1873-ம் ஆண்டுக் கடைசியில் அவரிடம் இந்தப் பெண் முறையிட்டாள்.

மேசை மேல் சாட்டை

வீலர் அம்மையார் புது வீட்டைத் தேடிக்கொண்டு போனார். நேரே போய்க் கதவைத் தட்டி, "குழந்தையை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்துப் பகுதியில் ஒரு பெண் நோயுற்றுப் படுத்த படுக்கையாய்க் கிடந்தாள். முதலில் அவளைப் பார்த்தார். குழந்தையின் அழுகை தனக்கும் அடிக்கடி கேட்கிறது என்று அவள் சொன்னாள். நோயாளிக்கு உதவி கேட்கும் சாக்கில் வீலர் அம்மையார் கானலி வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே போய்ச் சில நிமிடங்கள் பேசினார். பேச்செல்லாம் நோயாளியைப் பற்றி. கண்ணெல்லாம் குழந்தையின் மேல்!

டிசம்பர் மாதக் கடுங்குளிர். குழந்தையின் காலில் செருப்பு இல்லை. உடலில் கந்தல் உடை. பார்ப்பதற்கு ஐந்து வயதுக் குழந்தை போல் இருந்தாள். உண்மையில் வயது ஒன்பது! அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திரங்களைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

மேசையின் மேல் முறுக்கிய தோல் சாட்டை கிடந்தது. குழந்தையின் கைகளிலும் கால்களிலும் அந்தச் சாட்டையின் தழும்புகள். முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை.

வீலர் அம்மையார் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தார். எப்படியும் இவளை மீட்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார்.

எல்லாக் கதவும் அடைப்பு!

போலீசாரிடம் போனார். "அடித்ததற்குச் சாட்சி வேண்டும். சாட்சி இல்லாமல் நாங்கள் தலையிட முடியாது" என்ற கருத்தில் பதில் வந்தது.

தர்ம ஸ்தாபனங்களுக்குப் போனார். குழந்தையைச் சட்டப்படி கொண்டுவந்து விட்டால் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கொண்டுவருவது யார்? அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

தெரிந்த பெரிய மனிதர்களைக் கேட்டார். அடுத்தவர் குடும்பத்தில் தலையிட்டால் ஆபத்து என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. வீலர் அம்மையாருக்குத் தூக்கம் இல்லை.

குழந்தைகளை அடித்துத் துன்புறுத்துவது அந்தக் காலத்திலும் குற்றம்தான். ஆனால், ஒரு குழந்தைக்காக வீடு தேடிப்போய் விசாரிக்க ஓர் ஆள் இல்லை. ஒரு சங்கம் இல்லை. மாடு, குதிரைகளுக்கு இருந்தது! ஹென்றி பெர்க் என்பவர் 1866-ம் ஆண்டிலேயே மிருகவதைத் தடுப்புச் சங்கம் அமைத்திருந்தார். வண்டிக் குதிரையை அடித்தால் அவருடைய ஆட்கள் வந்துவிடுவார்கள்.

வீலர் அம்மையாரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒரு யோசனை சொன்னாள். "பெர்க்கிடம் போனால் என்ன? அந்தக் குழந்தையும் ஒரு சின்னப் பிராணிதானே!" என்று கேட்டாள்.

வீலர் அம்மையார் உடனே புறப்பட்டார்.

எழுதிக் கொடுத்தார்

பெர்க் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றைச் சொன்னார். கோர்ட்டில் பேசுவது கண்ணீர் அல்ல, அத்தாட்சி. எனவே, பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுதித் தரும்படி கேட்டார்.

வீலர் அம்மையார் எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் சொன்னதையும் சேர்த்தார்.

பெர்க் தம்முடைய ஆள் ஒருவரை ஜனத்தொகைக் கணக்கு எடுப்பவர் போல அந்த வீட்டுக்கு அனுப்பினார். அவரும் குழந்தையின் நிலையைக் கண்ணால் பார்த்து வந்து சொன்னார்.

பெர்க்கின் நண்பர் எல்பிரிட்ஜ் ஜெரி கெட்டிக்கார வக்கீல். அவர் சட்டத்தைத் துருவிப் பார்த்தார். 'ஹேபியஸ் கார்ப்பஸ்' சட்டத்தில் ஒரு பிரிவு கைகொடுத்தது. ஓர் ஆளைச் சட்ட விரோதமாகப் பிடித்து வைத்திருந்தால், அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தும்படி உத்தரவு கேட்கலாம். ஜெரி மனுப் போட்டார். நீதிபதி ஆபிரகாம் லாரன்ஸ் உத்தரவு பிறப்பித்தார்.

மிருகவதைச் சட்டத்தின் கீழ்தான் மேரி எல்லன் காப்பாற்றப்பட்டாள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது சரியல்ல. மனிதருக்கு உரிய சட்டத்தின் கீழ்தான் வழக்கு நடந்தது. பெர்க்கும் சங்கத் தலைவராக அல்ல, தனி மனிதராகவே இதில் இறங்கியதாகக் கோர்ட்டில் தெரிவித்தார்.

கோர்ட்டில் கண்ணீர்

1874-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி. மேரி எல்லனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடுத்த நல்ல உடை இல்லை. வண்டியில் கிடந்த கம்பளியைச் சுற்றித் தூக்கி வந்தார்கள். நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரு வெட்டுக்காயம். அது கத்தரிக்கோலால் ஏற்பட்டது!

ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகை நிருபர் அன்று கோர்ட்டில் இருந்தார். அந்தச் சிறுமியைப் பார்த்து ஆண்களே அழுதார்கள் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

நீதிபதியிடம் சிறுமி பேசினாள். தன் வயது தனக்குத் தெரியாது என்றாள். கானலி அம்மாள் அனேகமாகத் தினமும் அடிப்பாள் என்றாள். படுக்கை, தரையில் ஒரு கம்பளித் துண்டு. மற்றக் குழந்தைகளுடன் விளையாட விட்டதில்லை. தெருவைப் பார்த்ததில்லை. எதற்காக அடிக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியாது. தன்னை யாராவது ஒரு தடவை முத்தமிட்டதாக அவளுக்கு நினைவே இல்லை!

அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் முன்வந்ததும் துணிந்து பேசினார்கள்.

ஜூரிகள் கானலி அம்மாளைக் குற்றவாளி என்றார்கள். அவளுக்கு ஓராண்டு கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

92 வயது வரை வாழ்ந்தாள்

தண்டனை கிடைத்துவிட்டது. குழந்தை எங்கே போவாள்?

முதலில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். வயதில் பெரிய பெண்கள் இருந்த இடம் அது. அந்த இடம் அவளுக்குப் பொருந்தாது என்று வீலர் அம்மையார் கருதினார். மறுபடியும் முயற்சி செய்தார். தம்முடைய சொந்தத் தாயாரிடமே குழந்தையை அனுப்பினார். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, ராச்செஸ்டர் நகருக்கு அருகே ஒரு கிராமப்புற வீடு அது.

அங்கேதான் மேரி எல்லன் முதன் முதலில் புல்தரையில் ஓடினாள். விளையாடக் கற்றாள். தாயார் இறந்த பிறகு, வீலர் அம்மையாரின் தங்கை அவளை வளர்த்தார்.

24-வது வயதில் அவளுக்குத் திருமணம் நடந்தது. கணவர் லூயி ஷட். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவளுக்கு அவள் வைத்த பெயர், எட்டா! தன்னைக் காப்பாற்றியவரின் பெயர். அநாதைப் பெண் ஒருத்தியையும் எடுத்து வளர்த்தாள்.

அடி வாங்கி வளர்ந்தவள் தன் குழந்தைகளை அன்பாக வளர்த்தாள். 1956-ம் ஆண்டு, 92-வது வயதில் அவள் இறந்தாள்.

முதல் சங்கம்

மேரி எல்லன் வழக்கைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் பெர்க்கையும் ஜெரியையும் தேடி வந்தார்கள். 'இன்னும் எத்தனையோ குழந்தைகள் இப்படி இருக்கின்றன' என்றார்கள்.

1874-ம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் குழந்தை வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியது. உலகிலேயே இதுதான் முதல். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து வந்த தாமஸ் அக்னியூ என்ற வியாபாரி இதைப் பார்த்தார். ஊர் திரும்பி 1883-ம் ஆண்டில் அங்கேயும் ஒரு சங்கம் அமைத்தார். 1889-ம் ஆண்டு இங்கிலாந்தில் குழந்தைகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

டாக்டர்களும் நம்பவில்லை

சட்டம் வந்தும் பல ஆண்டுகள் டாக்டர்களே வாய் திறக்கவில்லை. "மாடிப்படியில் விழுந்துவிட்டான்" என்று பெற்றோர் சொல்வார்கள். டாக்டர் நம்பிவிடுவார். பெற்ற தாயும் தகப்பனும் இப்படிச் செய்வார்களா என்று நினைப்பார்.

ஆனால், எக்ஸ்-ரே பொய் சொல்லாது. 1946-ம் ஆண்டு ஜான் காஃபி என்ற அமெரிக்க டாக்டர் 6 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். தலைக்குள் ரத்தக் கசிவு. கை கால் எலும்புகளில் பல முறிவுகள். காரணத்தைப் பெற்றோரால் சொல்ல முடியவில்லை.

1962-ம் ஆண்டு ஹென்றி கெம்ப் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள். ஒரே குழந்தையின் உடலில், ஒரு முறிவு புதிது. ஒரு முறிவு பாதி ஆறியது. ஒரு முறிவு முழுதும் ஆறியது. ஒரே நாளில் விழுந்தால் இப்படி இருக்காது. இது மீண்டும் மீண்டும் அடி வாங்கிய குழந்தை என்றார்கள்.

அமெரிக்கா அதிர்ந்தது. 1963 முதல் 1967 வரையில் அங்குள்ள எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்தது. சந்தேகம் வந்தால் டாக்டர் அதிகாரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும்!

நம் நாட்டில்?

"அடியாத மாடு படியாது", "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம் ஊரில் பழமொழி சொல்வார்கள். அணைக்கும் கையாக இருந்தால் சரி. அணைக்கவே அணைக்காத கைகளும் உண்டு.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்தார்கள். மூன்று குழந்தைகளில் இரண்டு பேர் அடி உதை பட்டவர்கள். வீட்டுக்குள் அடிபட்டவர்களில் 100-க்கு 88 பேரை அடித்தது பெற்றோர்தான்.

அதைவிடத் திடுக்கிடும் செய்தியும் அதில் இருந்தது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதாவது ஒரு விதத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தை சொல்லாது. மாமா, சித்தப்பா, தாத்தா என்று அழைத்த ஆளைப் பற்றி எப்படிச் சொல்லும்? சொன்னால் அம்மா நம்புவாளா? அடி விழுமா? இந்தப் பயம்தான் அதன் வாயை அடைக்கிறது. ஆகவே, பெரியவர்கள்தான் கண் திறந்து பார்க்க வேண்டும்.

சொல்லாவிட்டால் குற்றம்

2012-ம் ஆண்டு 'போக்சோ' சட்டம் வந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் இது. 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். அந்த ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தில் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் 19-வது பிரிவை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழந்தைக்கு இத்தகைய குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், போலீசாரிடம் சொல்லியே ஆக வேண்டும். நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் சொல்ல வேண்டும். டாக்டர், ஆசிரியர் மட்டும் அல்ல. அம்மா, பாட்டி, அடுத்த வீட்டார் எல்லோரும்தான்.

தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். "குடும்ப மானம் போய்விடும்" என்று மூடி மறைப்பது சட்டப்படி குற்றம்!

உறவினரே குழந்தையைக் கெடுத்தால் தண்டனை இன்னும் கடுமை. 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தபட்சம் 20 ஆண்டு கடுங்காவல்.

அடி, உதை, பட்டினி போடுவது போன்ற கொடுமைகளுக்கு 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரே கொடுமை செய்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

எங்கே சொல்வது?

வீலர் அம்மையார் மாதக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். இன்று ஒரு டெலிபோன் போதும். எண்: 1098.

குழந்தைகளுக்கான உதவி எண் இது. 1996-ம் ஆண்டு மும்பையில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். காசு கிடையாது. குழந்தையே பேசலாம், பெரியவர்களும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் போலீசாரை 112-ல் அழைக்க வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். உறுப்பினர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழந்தை யாரிடம் இருப்பது நல்லது என்று முடிவு செய்வது இந்தக் குழுதான்.

நான்கு பயங்கள்

சந்தேகம் தப்பாகிவிட்டால்? இது முதல் பயம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. போக்சோ சட்டமே அவரைக் காக்கிறது. பகை தீர்க்க வேண்டுமென்றே பொய் சொன்னவருக்குத்தான் தண்டனை. நிரூபிப்பது சொல்பவரின் வேலை அல்ல; விசாரிப்பவர்களின் வேலை.

குழந்தையின் பெயர் சந்தி சிரிக்குமே? இது இரண்டாவது. குழந்தையின் பெயர், படம், விலாசம், பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் குற்றம்.

போலீஸ், கோர்ட்டு என்று குழந்தை அலைய வேண்டுமே? இது மூன்றாவது. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும். போலீஸ் உடை அணியக் கூடாது. இரவில் குழந்தையைப் போலீஸ் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். கோர்ட்டில் குற்றவாளியின் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டியதில்லை.

நான்காவது பயம்தான் பெரியது. "சம்பாதிக்கிறவர் ஜெயிலுக்குப் போனால் அடுப்பு எப்படி எரியும்?" பல தாய்மார்கள் இதற்காகவே கண்ணீரை விழுங்குகிறார்கள். இதை வெறும் பேச்சு என்று தள்ள முடியாது. சட்டமும் தள்ளவில்லை. வழக்கு முடியும் முன்பே இடைக்கால நிவாரணம் கொடுக்கும்படி சிறப்புக் கோர்ட்டு உத்தரவிடலாம். உணவு, உடை போன்ற உடனடித் தேவைக்குப் பணம் தரும்படி குழந்தைகள் நலக் குழு சிபாரிசு செய்யலாம். தாய் இதைக் கேட்டுப் பெற வேண்டும். குழு முன் போகும்போது முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குழந்தை சொன்னால்...

குழந்தை ஒரு நாள் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வரும். அப்போது கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"நீ என்ன செய்தாய்?" என்று கேட்கக் கூடாது. "சொன்னது நல்லது. தப்பு உன்மேல் இல்லை" என்று சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது.

திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையக் கூடாது. குழந்தை சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் எழுதத் தெரிந்த, நம்பகமான ஒருவரிடம் சொல்லி எழுதலாம். வீலர் அம்மையாரின் எழுத்துத்தானே மேரி எல்லனை மீட்டது!

பாலியல் கொடுமை என்றால், உடையைத் துவைக்காமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அது அத்தாட்சி.

கொடுமை செய்தவரிடம் போய்ச் சண்டை போடக் கூடாது. அந்தக் கோபமெல்லாம் அன்று இரவு குழந்தையின் முதுகில்தான் இறங்கும். அல்லது கானலி குடும்பம் போல் இரவோடு இரவாக வீடு மாறிவிடுவார்கள்.

கதவைத் தட்டியவர்

மேரி எல்லனின் அழுகையைப் பல பேர் கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. "நமக்கேன் வம்பு" என்று இருந்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு பெண் அதைப் போய் இன்னொரு பெண்ணிடம் சொன்னாள். அந்த இன்னொருத்தி பெர்க்கிடம் சொன்னாள். பெர்க் வக்கீலிடம் சொன்னார். வக்கீல் நீதிபதியிடம் சொன்னார். முதலில் சொன்ன அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டிருந்தால், பிறகு வந்த பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரிந்திராது.

1913-ம் ஆண்டு ராச்செஸ்டர் நகரில் ஒரு மாநாடு நடந்தது. குழந்தைகளையும் பிராணிகளையும் காக்கும் சங்கத்தார் கூடியிருந்தார்கள். வயது முதிர்ந்த வீலர் அம்மையார் அங்கே தம் பழைய கதையைச் சொன்னார். கூட்டத்தில் 49 வயதுப் பெண்மணி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்.

அவர்தான் மேரி எல்லன்.